இங்கிலீஷ் மருந்துக்கும் பத்தியம் உண்டு

அம்மா ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கணக்குப் போடும் நீல அட்டை நோட்டுதான். பக்கத்துக்கு மூன்று கோடு இழுத்து, தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை என்று தலைப்புப் போட்டு எழுதி வருகிறார். 11 வருடத்தில் இது நான்காவது நோட்டு. இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்த மாதத்தில் ஆரம்பித்தது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் வால்வை அரித்து வைத்திருந்தது ஐம்பது வயது தாண்டித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

உலோக வால்வு வைத்தவர்களுக்கு அதன் மேல் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆயுசு முழுக்க ஒரு மாத்திரை. அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது அசினோகூமரால். ஒரு நாள் 2 மி.கி., மறுநாள் 3 மி.கி. என்று மாற்றி மாற்றி, சாயந்தரம் ஒரே நேரத்தில். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். மாத்திரை எதுவும் சாப்பிடாத ஆளுக்கு அது 1 அளவில் இருக்கும். அம்மாவுக்கு 2.5லிருந்து 3.5க்குள் நிற்க வேண்டும். இறங்கினால் வால்வில் ரத்தக்கட்டி பிடிக்கலாம், அது பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏறினால் ரத்தக்கசிவு. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன வரப்பு. அந்த வரப்பில்தான் அம்மா 11 வருடமாக நடக்கிறார்.

மூன்றாவது நோட்டில் ஒரு வரி மட்டும் சிவப்பு மையில் இருக்கும். 1.4.

அன்று டாக்டர் அறிக்கையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாத்திரையை விட்டுட்டீங்களாம்மா?" என்றார். இல்லை என்றார் அம்மா. "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" அதற்கும் இல்லை. "கீரை சாப்பிட்டீங்களா?" அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, கீரை வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அம்மா கீரையைத் தொட்டதில்லை. வாரத்துக்கு நாலு நாள் கீரை கடைந்த கை அது. "சத்தியமா இல்லீங்க சார்" என்றார்.

வயிற்றில் தோலுக்கடியில் போடும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியை எழுதி, மாத்திரை அளவையும் கூட்டி அனுப்பினார். வீட்டுக்கு வந்து ஊசி மருந்தை ஃபிரிட்ஜ் பக்கம் வைக்கப் போனபோதுதான் அலமாரியில் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தேன். உள்ளே கரும்பச்சையில் பொடி. மூடியைத் திறந்ததும் காய்ந்த முருங்கை இலை வாசம்.

"அம்மா, இது எத்தனை நாளா?"

"அதா? ஒரு மாசம் இருக்கும். ரத்தம் கம்மியா இருக்குன்னு சொன்னாங்கள்ல, உங்க அத்தை அரைச்சுக் குடுத்துவிட்டா. காலையில ரெண்டு ஸ்பூன் போட்டு சூப் வெச்சுக் குடிக்கிறேன்."

"டாக்டர் கேட்டாருல்ல, கீரை சாப்பிட்டீங்களான்னு?"

"நான் எங்கடி கீரை சாப்பிட்டேன்? இது பொடி."

அம்மா பொய் சொல்லவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் அன்று நான் அவரைத் திட்டினேன். டாக்டர் கேட்டது மருந்து. முருங்கைப் பொடி அம்மாவுக்கு மருந்து இல்லை. டாக்டர் கேட்டது கீரை. கீரை என்றால் ஆய்ந்து, அரிந்து, சட்டியில் கடைவது. கேட்ட இரண்டு கேள்விக்கும் அவர் உண்மையான பதிலைத்தான் சொன்னார். அந்த இரண்டு கேள்விக்கும் நடுவே இருந்த இடைவெளியில் பாட்டில் நின்றுகொண்டிருந்தது.

பச்சை இலை எதுவாக இருந்தாலும் அதில் வைட்டமின் கே இருக்கும். ரத்தம் உறையத் தேவையான நான்கு புரதங்களைக் கல்லீரல் செய்து முடிப்பதற்கு அது வேண்டும். ஒருமுறை வேலை செய்து தேய்ந்த வைட்டமினை உடல் மறுபடி பழுது பார்த்து எடுத்துக்கொள்கிறது. அந்தப் பழுது பார்க்கும் இடத்தைத்தான் அம்மாவின் மாத்திரை அடைத்துவைக்கிறது. வெளியிலிருந்து புது வைட்டமின் கே நிறைய வந்தால் பழுது பார்க்கும் தேவையே குறைந்துபோகிறது, மாத்திரை தோற்றுவிடுகிறது. 100 கிராம் பச்சைத் தண்டுக்கீரை வகையில் 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் வைட்டமின் கே உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 100தான். காய வைத்துப் பொடித்த இலையில் தண்ணீர் போய்விடுகிறது, சத்து சுருங்கி நிற்கிறது. ஒரு ஸ்பூன் பொடிக்குள் ஒரு கைப்பிடி இலை.

அப்புறம் நடந்தது இன்னும் முக்கியம். பொடியை அன்றைக்கே நிறுத்தினோம். கூட்டிய மாத்திரையை மட்டும் அப்படியே தொடர்ந்தோம். பொடி விஷயத்தை டாக்டரிடம் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, தப்பைச் சரிசெய்துவிட்டோமே என்ற நினைப்பு. இரண்டு வாரம் கழித்து ஐ.என்.ஆர். 4.6. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். முருங்கையோடு சேர்த்து அளந்த மாத்திரை, முருங்கை போனதும் அதிகமாகிவிட்டது. சேர்ப்பது மட்டும் இல்லை, நிறுத்துவதும் மாற்றம்தான் என்பதை அந்த ஈறு எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

இந்த மாத்திரையின் பூர்வீகமும் ஒரு செடிதான். 1920களில் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பு வெட்டினால் ரத்தம் நிற்காது. அவை தின்றது ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடி, அதுவும் ஈரத்தில் பூஞ்சை பிடித்த வைக்கோல். 1933 பிப்ரவரியில், கடும் பனிப்புயலில், விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், அந்த வைக்கோலையும் வண்டியில் போட்டுக்கொண்டு சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டி வந்து மேடிசன் நகரப் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் கதவைத் தட்டினார். செடியில் இயல்பாக இருக்கும் கூமரினைப் பூஞ்சை டைகூமராலாக மாற்றிவிடுகிறது என்று 1939 அளவில் லிங்க்கின் ஆய்வகம் பிரித்துக் காட்டியது. அதிலிருந்து பிறந்தது வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாக வந்து, 1954இல் மனிதருக்கு மருந்தானது. மறுவருடம் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். அம்மாவின் அசினோகூமரால் அதே குடும்பத்துப் பிள்ளை. ஆக அம்மாவின் உடம்புக்குள் நடந்த சண்டை இங்கிலீஷ் மருந்துக்கும் நாட்டு மருந்துக்கும் இல்லை. ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும்.

நம் ஊரில் இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சித்த வைத்தியரிடம் சூரணம் வாங்கினால் முதலில் அவர் சொல்வது பத்தியம். அகத்திக்கீரை கூடாது, பாகற்காய் கூடாது, மருந்தை முறிக்கும் என்பார். 'முறிக்கும்' எவ்வளவு சரியான சொல்! ஒன்று உள்ளே போனால் இன்னொன்றின் வேலை மாறும் என்ற நினைப்பு நம் பேச்சிலேயே இருக்கிறது. எதில் கலந்து கொடுக்க வேண்டும் என்ற அனுபானக் கணக்கும் அதோடு சேர்ந்ததுதான். ஆனால் அதே ஆள் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கும்போது, "இங்கிலீஷ் மருந்துக்குப் பத்தியம் கிடையாது, எல்லாம் சாப்பிடலாம்" என்று நம்மிடையே யாரோ எப்போதோ சொல்லிவைத்ததை நம்பிவிடுகிறார். என் பாட்டிக்குத் தெரிந்ததை நாங்கள் மறந்துபோனது அந்த ஒரு வாக்கியத்தால்தான் என்று நான் நினைக்கிறேன்.

முறிப்பது ஒரு பக்கம். ஏற்றிவிடுவது இன்னொரு பக்கம், அதுதான் எனக்குப் பெரிய பயம்.

இதை உலகம் கண்டுபிடித்தது தற்செயலாக. கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரின் குழு, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. மதுவின் ருசி தெரியக் கூடாது என்பதற்காக கிரேப்ஃப்ரூட் ஜூஸில் கலந்து கொடுத்தார்கள். மது குடிக்காமல் ஜூஸ் மட்டும் குடித்தவர்களுக்கும் மருந்தின் அளவு ரத்தத்தில் பலமடங்கு எகிறியிருந்தது. 1991இல் அந்தச் சேதி லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. நாம் விழுங்கும் பல மாத்திரைகளில் ஒரு பங்கைக் குடல் சுவரிலேயே ஒரு நொதி அழித்துவிடுகிறது. டாக்டர் எழுதும் அளவு அந்த இழப்பையும் கணக்கில் சேர்த்துத்தான். பழத்தில் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருட்கள் அந்த நொதியைச் செயலிழக்க வைக்கின்றன. வாசலில் காவல்காரன் இல்லை, எல்லாம் உள்ளே. குடல் புது நொதியைச் செய்து முடிக்க ஒன்றிரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதனால் 'காலையில் ஜூஸ், ராத்திரி மாத்திரை' என்று நேரம் பிரித்தாலும் தப்ப முடியாது. கிரேப்ஃப்ரூட் நம் சந்தையில் அபூர்வம்தான். ஆனால் அதன் தாய் நம் பம்பளிமாஸ், அதிலும் அதே பொருட்கள் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் சாப்பிடுகிறவர்களும், சிறுநீரகம் மாற்றிக்கொண்டு, உடல் அதைத் தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் எடுக்கிறவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கதை ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை. அது காவல்காரர்களை இரண்டு மடங்காக்கிவிடும் ரகம். சூரிச்சில் இதய மாற்று செய்துகொண்ட இரண்டு பேர் அதைச் சாப்பிட, சைக்ளோஸ்போரின் அளவு இறங்கி, உடல் புது இதயத்தைத் தள்ள ஆரம்பித்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் அது பதிவானது. கடையில் சீட்டு இல்லாமலேயே கிடைக்கிற சாதுவான மூலிகை.

நம் வீட்டில் காவல்காரன் கண்ணைக் கட்டுவது மிளகு. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தை எத்தனையோ மருந்துகளில் ஏன் சேர்க்கிறார்கள் என்று ஜம்முவில் இருந்த அரசு ஆய்வகத்தினர் தேடிப் போனார்கள். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், மற்ற மருந்துகளை உடம்பில் கூடுதலாகத் தங்க வைக்கிறது என்று தெரிந்தது. அதன் பலன் ஒரு காசநோய் மாத்திரையாகவே 2009இல் வந்தது: வழக்கமாக 450 மி.கி. கொடுக்கும் ரிஃபாம்பிசினை 200 மி.கி.யாகக் குறைத்து, கூட 10 மி.கி. பைப்பரின். எனக்கு அதில் பெருமை உண்டு. நம் அனுபானத்தை ஆய்வகம் படித்து எழுதிய பாடம் அது.

ஆனால் அதே பெருமையை இப்போது மாத்திரைக் குப்பியில் போட்டு விற்கிறார்கள். 1998இல் பெங்களூரு மருத்துவக் கல்லூரி ஒன்றில், 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது மஞ்சள் சத்து உடலில் சேர்வது 2,000 சதவீதம் கூடியது. அந்த எண்ணைப் பல மஞ்சள் கேப்ஸ்யூல் டப்பாக்களில் பார்க்கலாம். மிளகு மஞ்சளுக்கு மட்டும் கதவு திறப்பதில்லை என்பதை எந்த டப்பாவிலும் பார்க்க முடியவில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினை அது ஏற்றிவிடும் என்று நம் நாட்டிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. ஃபெனிட்டாயின் அளவு கொஞ்சம் கூடினாலே தலை சுற்றும், நடை தள்ளாடும்.

அப்படியென்றால் ரசம் கூடாதா என்று கேட்காதீர்கள். தினமும் ரசம் சாப்பிடுகிற உடம்புக்குத்தான் டாக்டர் மாத்திரை அளவைப் பார்த்துப் பார்த்துச் சரி செய்திருக்கிறார். ரசம் அந்தக் கணக்குக்குள் ஏற்கெனவே இருக்கிறது. திடீரென்று வந்து சேரும் கேப்ஸ்யூலும் பொடியும் சாறும்தான் கணக்கைக் கலைக்கின்றன. கீரைக்கும் அதேதான். 2007இல் இங்கிலாந்தின் நியூகாசிலில், ஐ.என்.ஆர். நிலையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தினமும் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டம் குறைந்தது. கீரையே சாப்பிடாத உடம்பில் கையிருப்பு இல்லை. அதனால்தான் எங்கிருந்தாவது ஒரு கரண்டி வந்தாலும் தூக்கிப் போடுகிறது. அம்மாவை 8 வருடம் கீரை இல்லாமல் வைத்திருந்தது பாதுகாப்பே இல்லை என்பதை, அந்த 4.6க்குப் பிறகு போன புது டாக்டர்தான் விளக்கினார். "கீரையை விடாதீங்க. வாரத்துக்கு ரெண்டு நாள்னா ரெண்டு நாள், ஒரு கிண்ணம்னா ஒரு கிண்ணம். அதுக்குத் தக்கபடி மாத்திரையை நான் பாத்துக்கறேன்" என்றார். அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா சிறுகீரை ஒரு கட்டு வாங்கினார். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

எங்கள் தெருவில் ஒரு மாமா, சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர், யாரோ சொன்னார்கள் என்று வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடிக்க ஆரம்பித்தார். மாத்திரையும் சர்க்கரையை இறக்கும், சாறும் இறக்கும். பத்தாம் நாள் காலையில் பால் வாங்கப் போன இடத்தில் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் வாயில் சர்க்கரையைப் போட்டார், பிழைத்தார். பாகற்காய் நல்லதுதான். மாத்திரையும் நல்லதுதான்.

அம்மா விஷயத்தில் இன்னொன்று நடக்க இருந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தவிர அவருக்குக் காலையில் நீர் மாத்திரை, அதோடு இதயத் துடிப்பைச் சீராக்கும் டிகாக்சின், வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு கிடையாது. டிகாக்சினும் ஃபாக்ஸ்குளோவ் என்ற பூச்செடியிலிருந்து வந்ததுதான். 1785லேயே வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். போன மார்கழியில் அம்மாவுக்குத் தொண்டைக் கட்டு. நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி வந்து, ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டே இருந்தார். எத்தனையோ பாட்டுக்காரர்கள் செய்வதுதான். எனக்கும் சின்ன வயதில் அம்மா அப்படித்தான் கொடுத்திருக்கிறார், இனிப்பாக இருக்கும்.

அந்த இனிப்பின் பெயர் கிளிசிரைசின். அது சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுக்கிறது. அதனால் உடம்பு உப்பைப் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வெளியே விட்டுவிடும். நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. பொட்டாசியம் குறைந்த இதயத்தில் டிகாக்சின் விஷமாக ஆரம்பிக்கும்: குமட்டல், பார்வையில் மஞ்சள், துடிப்பு தாறுமாறாவது. ஒன்றிரண்டு நாள் சப்பினால் ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில் சப்பினால்தான். அம்மா மூன்றாவது வாரத்தில் இருந்தார்.

இந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே அது பிடிபட்டதற்குக் காரணம் ஒரு மஞ்சள் பை. 1.4க்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம். செக்கப் போகிற அன்று காலை, அடுப்படியிலிருந்தும் அலமாரியிலிருந்தும் அம்மா வாயில் போடுகிற எல்லாமும் அந்தப் பைக்குள் போகும். மாத்திரை அட்டை, சுக்குப் பொடி, இசப்கோல், ஓம வாட்டர், அத்தை கொடுத்தது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, எல்லாம். 'இது மருந்தா இல்லையா' என்று நாங்கள் தீர்மானிப்பதில்லை. அதிமதுரக் குச்சியைப் பைக்குள் போடும்போதுதான் நான் கூகுளைத் திறந்தேன்.

டாக்டர் பையைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இசப்கோலை மாத்திரைகளோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடச் சொன்னார், அது மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால். சுக்குப் பொடி எப்போதும் சேர்க்கிற அளவு என்றால் சரி என்றார். அதிமதுரத்தை எடுத்து முகர்ந்தார். "எங்க ஆச்சி குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு, பொட்டாசியம் பார்க்கச் சீட்டு எழுதினார். 3.3 வந்தது. கொஞ்சம் குறைவு, பயப்படும்படி இல்லை. குச்சியை நிறுத்தியதும் அடுத்த முறை சரியாகிவிட்டது.

அவர் கேட்கிற கேள்வியையும் அன்று கவனித்தேன். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் அவர் 'வேற மருந்து உண்டா' என்று கேட்கவில்லை. "ஐயா, காலையில எந்திரிச்சதும் என்ன குடிப்பீங்க? சளி புடிச்சா வீட்டுல என்ன வெச்சுக் குடுப்பாங்க? டிவியில பாத்து ஏதாவது புதுசா ஆரம்பிச்சீங்களா?" என்று கேட்டார். பெரியவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். வெந்தயத் தண்ணீர், பூண்டுப் பால், ஏதோ லேகியம். அவருடைய மகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கே தெரியாத பட்டியல் அது.

அம்மாவின் நான்காவது நோட்டில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது. தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை, 'மத்தது'. போன வெள்ளிக்கிழமை வரியில் எழுதியிருந்தது: 2.9. மாத்திரை 3. சிறுகீரை ஒரு கிண்ணம், மிளகு ரசம். அத்தை கொண்டாந்த பொடி, வாங்கி வெச்சிருக்கேன், சாப்பிடல.